டாம்வொர்த் அறிக்கை: ஒரு பழமைவாதக் கட்சி பிறந்ததும் 12 ஆண்டில் பிளந்ததும்

1834 நவம்பர் 14 அன்று பிரிட்டன் மன்னர் நான்காம் வில்லியம் தன் பிரதமர் மெல்போர்ன் பிரபுவைப் பதவியிலிருந்து இறக்கினார். நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் மெல்போர்னின் விக் கட்சிக்குத் தாராளமான பெரும்பான்மை இருந்தது. மன்னருக்குத்தான் அந்த அமைச்சரவையைப் பிடிக்கவில்லை. பிரிட்டிஷ் மன்னர் ஒருவர் தன் விருப்பப்படி ஓர் அரசை வீட்டுக்கு அனுப்பியது அதுவே கடைசி முறை.

அடுத்துப் பிரதமராக வேண்டிய சர் ராபர்ட் பீல் ஊரில் இல்லை. குடும்பத்தோடு இத்தாலியில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். ஜேம்ஸ் ஹட்சன் என்ற இளம் அதிகாரி கடிதத்தோடு ஐரோப்பாவைக் கடந்து ஓடி, ரோம் நகரில் அவரைப் பிடித்தார். பீல் லண்டன் வந்து சேர டிசம்பர் 9 ஆகிவிட்டது. அதுவரை வெலிங்டன் கோமகன் ஒருவரே பிரதமர் வேலையோடு பல துறைகளையும் சேர்த்துக் கவனித்துக்கொண்டார். நாடாளுமன்றக் கட்டடம் அக்டோபரில்தான் தீக்கிரையாகியிருந்தது. சபையில் பெரும்பான்மை கிடையாது, கட்சி என்று சொல்லிக்கொள்ள உருப்படியான அமைப்பு கிடையாது. இந்த நிலையில் பீல் ஒரு தேர்தல் அறிக்கை எழுதினார். அதுதான் டாம்வொர்த் அறிக்கை. உலகின் முதல் பழமைவாதக் கட்சி அந்த அறிக்கையிலிருந்து பிறந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். 12 ஆண்டுக்குள் அதே பீல் அதே கட்சியை இரண்டாகப் பிளந்தார்.

பழமைவாதக் கட்சி என்றால் பழையதைக் காக்கும் கட்சி என்பதே நாம் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். பீலின் கதையோடு வைத்துப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்கவில்லை. பழையதைக் காக்க முன்வந்தவர்களுக்கு 1834க்கு முன்பும் குறைவில்லை. அவர்கள் கடைசி வரை போராடினார்கள், தோற்றார்கள். தோல்வியைத் தோல்வி என்று ஒப்புக்கொண்டு, 'இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச்சில்லை, மீதமிருப்பதைக் காப்போம்' என்று ஒருவர் சொன்ன பிறகுதான் கட்சி உருவானது. எந்தச் சண்டை முடிந்துபோனது என்று தீர்ப்புச் சொல்வது யார் என்ற கேள்விக்கு விடை இல்லாததால் அது உடைந்தது. இந்த ஆய்வு அந்த இரண்டையும் பின்தொடர்கிறது.

காக்க ஆள் உண்டு, கட்சி இல்லை

டோரி, விக் என்ற இரண்டும் 1680 வாக்கில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்ட பெயர்கள். முதலாவது ஐரிஷ் கொள்ளையரையும் இரண்டாவது ஸ்காட்லாந்துக் கலகக்காரரையும் குறித்தது. மன்னரின் தம்பியும் கத்தோலிக்கருமான ஜேம்ஸ் அரியணை ஏறலாமா கூடாதா என்ற சண்டையில் ஏறலாம் என்றவர்கள் டோரிகள். அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் அந்தப் பெயருக்குக் கீழே இருந்த ஆட்கள் பலமுறை மாறினாலும், முடி, ஆங்கிலத் திருச்சபை, நிலம் ஆகிய மூன்றின் மீதான பற்று மட்டும் மாறவில்லை.

பழமைவாதத்தின் தந்தை என்று எட்மண்ட் பர்க்கைச் சொல்வது வழக்கம். பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து அவர் 1790இல் எழுதியதில் ஒரு வரி நம் ஆய்வுக்கு முக்கியம்: மாறுவதற்கு வழியில்லாத அரசுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பர்க் கட்சி எதையும் தொடங்கவில்லை. அரசியல் வாழ்க்கை முழுதும் விக் அணியில் இருந்தவர், தன்னை விக் என்றே கருதியவர். தந்தைப் பட்டத்தைப் பின்னால் வந்த பிள்ளைகள் கொடுத்தார்கள். கட்சிப் பெயரும் இங்கிலாந்தில் முளைத்ததல்ல. பிரான்சில் ஷத்தோபிரியான் 1818இல் தொடங்கிய 'லெ கொன்செர்வத்தேர்' இதழ் அந்தச் சொல்லை அரசியலுக்குள் கொண்டுவந்தது. 1830 ஜனவரியில் லண்டனின் குவார்ட்டர்லி ரிவியூவில் பெயரில்லாமல் வந்த கட்டுரை ஒன்று, டோரிக் கட்சியைக் கன்சர்வேடிவ் கட்சி என்று அழைப்பதே பொருத்தம் என்றது.

பெயர் மாற்ற யோசனை அந்த நேரத்தில் வந்தது தற்செயல் அல்ல. வீடு இடிந்துகொண்டிருந்தது. 1829இல் கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்றத்தில் இடம் தரும் சட்டத்தை வெலிங்டனும் பீலுமே கொண்டுவந்தார்கள். அதுவரை அதைக் கடுமையாக எதிர்த்தவர் பீல். அந்த எதிர்ப்புக்காகவே ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் அவரைத் தன் நாடாளுமன்ற உறுப்பினராக வைத்திருந்தது. அயர்லாந்தில் கத்தோலிக்கத் தலைவர் டேனியல் ஓ'கானல் தேர்தலில் வென்று, உள்ளே விடாவிட்டால் உள்நாட்டுப் போர்தான் என்ற நிலை வந்தபோது பீல் மாறினார். ஆக்ஸ்ஃபோர்டு இடத்தைத் துறந்து மீண்டும் போட்டியிட்டுத் தோற்றார். வேறொரு சிறு தொகுதி வழியாகத்தான் சபைக்குள் வர முடிந்தது. தீவிர டோரிகள் அவரை மன்னிக்கவில்லை. 1846இல் நடந்ததைப் படிப்பவர்கள் இந்த 1829ஐ மறக்கக் கூடாது.

அதற்கடுத்து தேர்தல் சீர்திருத்தம். ஓல்டு சாரம் என்ற மேட்டில் குடியிருக்க யாருமில்லை, ஆனால் இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். டன்விச் ஊரின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, அதற்கும் இரண்டு பேர். ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த மான்செஸ்டருக்கு ஒருவர்கூட இல்லை. இப்படிப்பட்ட தொகுதிகளைக் கையில் வைத்திருந்த பெருநிலக்கிழார்களில் ஒருவர் நியூகாசில் கோமகன். தன் வேட்பாளருக்கு வாக்களிக்காத குடிவாரத்தாரை நியூவார்க் ஊரில் வீட்டைவிட்டு வெளியேற்றியவர். கேட்டதற்கு, என் சொத்தை நான் விரும்பியபடி செய்யக் கூடாதா என்று திருப்பிக் கேட்டார். 1831 அக்டோபரில் மேலவையான பிரபுக்கள் சபை சீர்திருத்த மசோதாவைத் தள்ளியதும் கூட்டம் திரண்டு போய் அவருடைய நாட்டிங்காம் கோட்டையைக் கொளுத்தியது. இந்தக் கோமகன் பின்னால் மறுபடி வருவார்.

பீலும் மசோதாவை எதிர்த்தார். ஒருமுறை திறந்தால் பிறகு மூட முடியாத கதவு என்பது அவர் வாதம். ஆனால் 1832 மே மாதம், எப்படியும் ஏதோ ஒரு சீர்திருத்தத்தை நிறைவேற்றியாக வேண்டும் என்ற நிபந்தனையோடு வெலிங்டன் அமைச்சரவை அமைக்க முயன்றபோது பீல் சேர மறுத்தார். கத்தோலிக்கர் விஷயத்தில் ஒருமுறை தலைகீழாக நின்றாயிற்று, இரண்டாம் முறை முடியாது. வெலிங்டனின் முயற்சி கைகூடவில்லை. ஜூன் 7 அன்று மசோதா சட்டமானது. 56 சிற்றூர்த் தொகுதிகள் முழுதாக ஒழிந்தன. ஆண்டு இறுதியில் நடந்த தேர்தலில் டோரிகள் 658 இடங்களில் 200ஐக்கூட எட்டவில்லை.

டாம்வொர்த் வாக்காளர்களுக்கு ஒரு கடிதம்

அமைச்சர் பதவி ஏற்பவர் தன் தொகுதியில் மீண்டும் வாக்குக் கேட்டு வர வேண்டும் என்பது அக்காலச் சட்டம். ஆகவே பீல் ஸ்டாஃபோர்டுஷயரில் இருந்த டாம்வொர்த் தொகுதிக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அங்கே வாக்காளர்கள் சில நூறு பேர். பீலின் தந்தை பருத்தி ஆலைகளில் பணம் சேர்த்து அங்கே நிலம் வாங்கியவர். அந்தச் சில நூறு பேரை வெல்ல அறிக்கையே தேவையில்லை. ஆனால் டிசம்பர் 17 இரவு அமைச்சர்கள் கூடி உட்கார்ந்து அந்தக் கடிதத்துக்கு ஒப்புதல் அளித்தார்கள். மறுநாள் அது லண்டன் நாளிதழ்களில் வந்தது. முகவரி டாம்வொர்த், வாசிக்க வேண்டியவர்கள் நாடு முழுதும் புதிதாக வாக்குரிமை பெற்ற கடைக்காரரும் வணிகரும். ஒரு கட்சித் தலைவர் தேர்தலுக்கு முன் தன் கொள்கையை நாட்டுக்கு எழுதிச் சொல்வது அப்போது புதுமை. தொகுதிக்கு எழுதுகிறேன் என்ற சாக்கு அந்தப் புதுமையை மறைத்தது.

கடிதத்தின் உயிர் இரண்டு இடங்களில் இருக்கிறது. சீர்திருத்தச் சட்டம் ஒரு பெரிய அரசமைப்புச் சிக்கலுக்குக் கிடைத்த இறுதியான, திரும்பப் பெற முடியாத தீர்வு என்றார் பீல். அந்தச் சட்டத்தை வரி வரியாக எதிர்த்தவர் பேசியது இது. அந்தச் சீர்திருத்தத்தின் உணர்வு என்பதற்கு நாள்தோறும் எழும் கூச்சலுக்கெல்லாம் தலையாட்டி, ஓயாத கிளர்ச்சிச் சுழலில் வாழ்வது என்று பொருளானால் தன்னால் அதை ஏற்க முடியாது. அரசு, திருச்சபை நிறுவனங்களை நட்பு மனத்தோடு கவனமாக ஆராய்ந்து, நிலைபெற்ற உரிமைகளை உறுதியாகக் காத்தபடியே, நிரூபிக்கப்பட்ட முறைகேடுகளைத் திருத்தி உண்மையான குறைகளைத் தீர்ப்பது என்று பொருளானால் ஏற்கிறேன் என்பது மற்றொன்று. மீதிக் கடிதம் நகராட்சி விசாரணை, ஆங்கிலத் திருச்சபையில் சேராத பிரிவினைச் சபையாரின் திருமணம், திருச்சபை வரி, ஓய்வூதியப் பட்டியல் என்று அன்றைய விவகாரங்களில் ஒவ்வொன்றாகக் கால் பதித்துச் செல்கிறது. திருச்சபைச் சொத்தை வேறு காரியத்துக்கு மாற்றுவதற்கு மட்டும் அவர் இசையவில்லை.

'நட்பு மனத்தோடு' என்ற இடத்தில்தான் என் கண் நிற்கிறது. சீர்திருத்தவாதியும் முறைகேட்டைத் திருத்துவேன் என்கிறான், பழமைவாதியும் அதையே சொல்கிறான். வேறுபாடு செய்யும் காரியத்தில் இல்லை, யார் கையால் நடக்கிறது என்பதில் இருக்கிறது என்பது பீலின் வாதம். அந்த நிறுவனத்தின் மீது மதிப்புள்ளவர் கை வைத்தால் பழுது நீங்கும், மதிப்பில்லாதவர் கை வைத்தால் கட்டடமே போகும். வெறும் தந்திரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பீல் உள்துறை அமைச்சராக இருந்தபோது தண்டனைச் சட்டங்களைத் திருத்தியதும், 1829இல் லண்டனுக்குக் காவல்துறை அமைத்ததும் இந்த வகைதான். ஆனால் இந்த வாக்கியத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. எது நிலைபெற்ற உரிமை, எது நிரூபிக்கப்பட்ட முறைகேடு? யாரிடம் நிரூபிக்க வேண்டும்? கடிதம் அதைச் சொல்லவில்லை. 1834இல் கேட்கவும் ஆளில்லை. மூழ்கிக்கொண்டிருந்தவர்கள் கிடைத்த கட்டையைப் பற்றிக்கொண்டார்கள்.

1835 ஜனவரித் தேர்தலில் ஏறக்குறைய 100 இடங்கள் கூடின. பெரும்பான்மைக்கு அது போதவில்லை. விக்குகளும் தீவிரச் சீர்திருத்தவாதிகளும் ஓ'கானலும் கைகோத்தார்கள். அயர்லாந்துத் திருச்சபை வருமானம் பற்றிய வாக்கெடுப்பில் தோற்று ஏப்ரல் 8 அன்று பீல் விலகினார்.

தேவாலயக் கதவில் ஒட்டிய பட்டியல்

கொள்கை மட்டும் கட்சியைக் கட்டாது. கட்சியைக் கட்டியது, அது எதிர்த்த அதே 1832 சட்டத்தின் ஒரு பிரிவு. அதுவரை யாருக்கு வாக்கு உண்டு என்பது தேர்தல் மேடையிலேயே தீர்மானமாகும். புதிய சட்டம் வாக்காளர் பட்டியல் என்பதைக் கொண்டுவந்தது. ஆண்டுதோறும் கோடையில் ஊரின் ஏழைநிதிக் கண்காணிப்பாளர் பட்டியல் தயாரித்துத் தேவாலயக் கதவில் ஒட்டுவார். பெயர் சேர்க்க ஒரு ஷில்லிங். பட்டியலில் உள்ள எவரும் இன்னொருவர் பெயரை எதிர்த்து அறிவிப்புக் கொடுக்கலாம். இலையுதிர்காலத்தில் இதற்கென்றே அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் ஊர் ஊராக வந்து உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக விசாரிப்பார். எதிர்க்கப்பட்டவர் தன் தகுதியை நிரூபிக்க வேண்டும். அன்றைக்கு வேலையை விட்டு வர முடியாதவர் பெயர் போயிற்று.

இந்த இடத்தில் இரு தரப்பு வக்கீல்களும் நடத்திய போர் எந்த மேடைப் பேச்சையும்விட முக்கியமானது. வாடகை பத்துப் பவுண்டுக்கு ஒரு ஷில்லிங் குறைகிறதா, வரி நிலுவை உண்டா, வீடு மாறினாரா என்று எதிராளியின் ஆட்களைத் துருவித் துருவிக் கழித்தார்கள், தங்கள் ஆட்களைச் சேர்த்தார்கள். ஊர்களில் கன்சர்வேடிவ் சங்கங்கள் முளைத்தன. ஆலை நகரங்களில் தொழிலாளர் கன்சர்வேடிவ் சங்கங்கள்கூட ஏற்பட்டன. 1832இல் தொடங்கிய கார்ல்டன் கிளப் லண்டனில் தலைமையகம் போலாயிற்று. அங்கே இருந்துகொண்டு பிரான்சிஸ் பான்ஹம் எந்தத் தொகுதியில் யாருக்கு எத்தனை வாக்கு, எந்த வேட்பாளரிடம் பணம் இருக்கிறது என்ற கணக்குகளைப் பார்த்துக்கொண்டார். பதிவு செய்யுங்கள் என்பதைப் பீலும் திரும்பத் திரும்பச் சொன்னார். பிரபுக்களின் கட்சி ஜனநாயகத்தின் இயந்திரத்தை எதிரியைவிட நன்றாகக் கற்றுக்கொண்டது.

1838இல் லண்டனில் 300க்கும் மேற்பட்ட கன்சர்வேடிவ் உறுப்பினர்கள் பீலுக்கு விருந்தளித்தார்கள். காமன்ஸ் சபையில் இருந்துகொண்டு மக்கள் விருப்பத்திலிருந்து வலிமை பெறும் ஒரு பெரும் கட்சிக்கு அடித்தளம் இடுவதே தன் நோக்கமாக இருந்தது என்றார் அவர். 1841 ஜூனில் அவர் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஒரே வாக்கில், 312க்கு 311 என்று நிறைவேறியது. அடுத்த தேர்தலில் ஏறக்குறைய 80 இடப் பெரும்பான்மை. ஆட்சியில் இருந்த கட்சியை எதிர்க்கட்சி ஒன்று தேர்தலில் வென்று நேரடியாக மாற்றியது அந்நாட்டில் அதுவே முதல் முறை.

வாக்களித்தவர்கள் யார்?

டாம்வொர்த் கடிதம் நகரத்து நடுத்தர வர்க்கத்தைப் பார்த்து எழுதப்பட்டது. 1841இல் பெரும்பான்மையைக் கொண்டுவந்ததோ மாவட்டத் தொகுதிகளும் சிறு நகரங்களும்தான். தொழில் நகரங்கள் பெருமளவு எதிர்ப்பக்கமே நின்றன. மாவட்டங்களில் வென்ற நிலக்கிழார் உறுப்பினர்கள் தங்கள் வாக்காளர்களுக்கு இரண்டு வாக்குறுதிகள் கொடுத்திருந்தார்கள். திருச்சபையைக் காப்போம், தானியச் சட்டத்தைக் காப்போம்.

தானியச் சட்டம் 1815இல் வந்தது. உள்நாட்டுக் கோதுமை ஒரு குவார்ட்டருக்கு, அதாவது சுமார் 218 கிலோவுக்கு, 80 ஷில்லிங் விலையை எட்டும் வரை வெளிநாட்டுக் கோதுமை உள்ளே வரக் கூடாது. 1828இல் அதை உள்நாட்டு விலைக்கேற்ப ஏறி இறங்கும் வரியாக மாற்றினார்கள். நிலக்கிழாருக்கு அது குத்தகை வருமானம், விவசாயிக்குப் பாதுகாப்பு. ஆலைத் தொழிலாளிக்கு அது ரொட்டியின் விலை. மான்செஸ்டரில் காப்டனும் பிரைட்டும் நடத்திய தானியச் சட்ட எதிர்ப்புக் கழகம் அதை ஒரு வர்க்கத்தின் கொள்ளை என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆட்சிக்கு வந்த பீல் 1842இல் வருமான வரியைக் கொண்டுவந்தார். 150 பவுண்டுக்கு மேற்பட்ட வருமானத்தில் பவுண்டுக்கு 7 பென்ஸ். போர் இல்லாத காலத்தில் அதற்கு முன் அப்படி வரி போட்டதில்லை. அந்தப் பணத்தை வைத்து நூற்றுக்கணக்கான பொருள்களின் இறக்குமதி வரியைக் குறைத்தார். தானிய வரியும் ஓரளவு குறைந்தது. அமைச்சர் பதவி இல்லாத பின்வரிசை உறுப்பினர்கள் முணுமுணுத்தார்கள். 1845இல் அயர்லாந்தில் கத்தோலிக்கக் குருமார்களைப் பயிற்றுவிக்கும் மேனூத் கல்லூரிக்கான மானியத்தை 9,000 பவுண்டு அளவிலிருந்து 26,000 பவுண்டாக உயர்த்தியபோது முணுமுணுப்பு கலகமானது. கட்சியில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். திருச்சபை வாக்குறுதி போயிற்று, இனி மிச்சமிருப்பது தானியம்.

அந்த ஆண்டு மார்ச்சில் அதே கட்சியின் பின்வரிசை உறுப்பினர் பெஞ்சமின் டிஸ்ரேலி எழுந்து கன்சர்வேடிவ் அரசு என்பது ஒழுங்காகத் திரட்டப்பட்ட பாசாங்கு என்றார். 1841இல் பதவி கேட்டுப் பீலுக்கு எழுதிக் கிடைக்காமல் போனவர் அவர். பகை உண்மை, ஆனால் அவர் கேள்வியும் உண்மைதான். 1844இல் வந்த தன் நாவல் ஒன்றிலேயே டாம்வொர்த் அறிக்கையைக் கொள்கை இல்லாமல் கட்சி கட்டும் முயற்சி என்று எழுதிவிட்டார்.

1846

1845 இலையுதிர்காலத்தில் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு அழுகியது. பீல் அமெரிக்காவிலிருந்து ஒரு லட்சம் பவுண்டுக்கு மக்காச்சோளம் வாங்க ரகசியமாக ஏற்பாடு செய்தார். தானிய வரியை நிறுத்திவைத்தால் பிறகு திரும்பப் போட முடியாது, ஆகவே ஒழித்துவிடுவதே சரி என்று அமைச்சரவையில் சொன்னார். அவர்கள் இசையவில்லை. டிசம்பர் 5 அன்று விலகினார். விக் தலைவர் ஜான் ரஸ்ஸலால் அமைச்சரவை அமைக்க முடியவில்லை. டிசம்பர் 20 அன்று பீல் திரும்பினார். ஸ்டான்லி பிரபு மட்டும் வெளியேறினார். இந்த ஸ்டான்லி 1832 சீர்திருத்தத்தை நிறைவேற்றிய விக் அமைச்சரவையில் இருந்தவர், டாம்வொர்த்துக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்தவர் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

1846 ஜனவரி 22, கூட்டத்தொடரின் முதல் நாள். பீல் நெடுநேரம் விலைப்பட்டியல்களோடு பேசினார். பன்றிக்கொழுப்பு விலை, உப்பிட்ட மாட்டிறைச்சி விலை என்று போனது பேச்சு. பின்னால் உட்கார்ந்திருந்த நிலக்கிழார்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்தார்கள். டிஸ்ரேலி எழுந்தார். துருக்கி சுல்தான் எகிப்துக்கு எதிராகப் பெரும் கடற்படையைத் திரட்டிய கதையைச் சொன்னார். முஃப்திகள் ஆசீர்வதிக்க, சுல்தான் தளபதியைக் கட்டித் தழுவி அனுப்ப, அந்தத் தளபதி கப்பல்களை நேராக எதிரியின் துறைமுகத்துக்குள் ஓட்டிச் சென்றான். துரோகி என்றார்கள். எனக்குப் போரில் நம்பிக்கையில்லை, அதை முடித்துவைக்கத்தான் தளபதிப் பதவியையே ஏற்றேன் என்று அவன் சொன்னானாம். அவை அதிர்ந்தது. அதுவரை வாயடைத்துக் கிடந்த பின்வரிசைக்குக் குரல் கிடைத்தது.

தலைவனும் கிடைத்தான். ஜார்ஜ் பென்டிங்க் பிரபு 1828 முதல் சபையில் இருந்தும் பேசியது அபூர்வம். குதிரைப் பந்தயமே அவர் உலகம். பொருளாதாரத்தில் தனக்குப் பெரிய தேர்ச்சி இல்லை என்பது அவருக்குத் தெரியும். தன்னை விற்றுவிட்டார்கள் என்ற கோபம் மட்டும் உண்டு. அந்த ஆண்டே தன் லாயத்தை 10,000 பவுண்டுக்கு மொத்தமாக விற்றுவிட்டு அரசியலில் இறங்கினார். விற்றதில் சர்ப்லிஸ் என்ற குட்டி 1848இல் டெர்பி பந்தயத்தில் வென்றது. இது கட்சி வரலாற்றுக்குத் தேவையில்லாத தகவல்தான், ஆனால் அந்த மனிதரின் கோபம் எவ்வளவு என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

ஊர்ப்புறங்களில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு தொகுதி போதும். பீலின் பக்கம் நின்ற லிங்கன் பிரபு புதிய பதவி ஏற்று, வழக்கப்படி தன் தெற்கு நாட்டிங்காம்ஷயர் தொகுதியில் பிப்ரவரியில் மீண்டும் வாக்குக் கேட்கப் போனார். அவர் நியூகாசில் கோமகனின் மகன். கோட்டை எரிந்தும் மாறாத தந்தை, சொந்த மகனுக்கு எதிராக வேலை செய்து அவரைத் தோற்கடித்தார். அதே கோமகனின் தயவில் நியூவார்க்கில் வென்றிருந்த கிளாட்ஸ்டனுக்கும் இனி அங்கே இடமில்லை. சபையில் இடமே இல்லாமல் அவர் அமைச்சராக இருந்தார்.

தானியச் சட்டத்தை ஒழிக்கும் மசோதாவின் மூன்றாம் வாசிப்பு, அதாவது இறுதி விவாதம், மே 15. பேச்சு நள்ளிரவைத் தாண்டியது. தன்மேல் இவ்வளவு அவநம்பிக்கை உள்ளவர் 1841இல் தன் அமைச்சரவையில் சேரத் தயாராக இருந்தது எப்படி என்று பீல் கேட்டார். தான் பதவி கேட்கவேயில்லை என்று டிஸ்ரேலி அப்பட்டமாக மறுத்தார். அவர் எழுதிய கடிதம் பீலின் காகிதங்களில் இருந்தது. பீல் அதை எடுத்துப் படிக்கவில்லை. வாக்கெடுப்பில் 327க்கு 229. நிறைவேற்றியது விக்குகளின் வாக்கு. பிரதமரின் சொந்தக் கட்சியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் எதிர்த்தார்கள். ஜூன் 25 அன்று வெலிங்டனின் துணையோடு பிரபுக்கள் சபையும் மசோதாவை ஏற்றது. அதே இரவு காமன்ஸ் சபையில் அயர்லாந்து அடக்குமுறை மசோதா 292க்கு 219 என்று தோற்றது. பென்டிங்க் ஆட்கள் விக்குகளோடு சேர்ந்து பழி தீர்த்தார்கள். 29ஆம் தேதி பீல் விலகினார்.

யார் பிழை?

பீலின் தரப்பை அவருடைய கடிதத்தைக் கொண்டே வாதாடலாம். நிரூபிக்கப்பட்ட முறைகேட்டைத் திருத்துவேன் என்றார். பசிப்பவன் ரொட்டியின் மேல் வரி, நிலவுடைமையாளர் சபை தனக்கே போட்டுக்கொண்ட சலுகை. அதைப் பிரபுக்கள் தாங்களாகவே விட்டுக்கொடுத்தால் முடியும் திருச்சபையும் நிலமும் பிழைக்கும், தானியச் சட்ட எதிர்ப்புக் கழகம் பிடுங்கிக்கொண்டால் அதோடு நிற்காது. 1848இல் ஐரோப்பியத் தலைநகரங்கள் ஒவ்வொன்றாகக் கிளர்ந்தபோது லண்டன் அமைதியாக இருந்ததை அவர் ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டுவார்கள். அயர்லாந்தைக் காரணமாகக் காட்டுவது மட்டும் எடுபடாது. கையில் காசே இல்லாதவனுக்கு மலிவான கோதுமையால் பயனில்லை. அங்கே பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் மாண்டார்கள்.

எதிர்த்தவர்களும் மூடர்கள் அல்ல. நிலைபெற்ற உரிமைகளை உறுதியாகக் காப்பேன் என்பதும் அதே கடிதத்தில்தான் இருக்கிறது. தேர்தல் மேடையில் நின்று வாக்குக் கொடுத்து வந்தவர்கள் அவர்கள். மக்கள் விருப்பத்திலிருந்து வலிமை பெறும் கட்சி என்று 1838 விருந்தில் சொன்ன தலைவர், அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தீர்ப்பை மாற்றினார். தேர்தலுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. தான் அரசி விக்டோரியாவின் அமைச்சர், கட்சியின் குமாஸ்தா அல்ல என்பது அவர் மனநிலை. முடியாட்சிக் காலத்து மந்திரிக்கு அது பொருந்தும். பட்டியல் பட்டியலாகப் பெயர் சேர்த்துப் பெரும்பான்மை கட்டியவருக்குப் பொருந்தாது.

என் தீர்ப்பு பீலுக்குக் கொள்கையில் சாதகம், நடத்தையில் பாதகம். 1829, 1846 இரண்டிலும் அவர் எடுத்த முடிவு சரி. இரண்டு முறையும் கடைசி நாள் வரை பழைய நிலையில் நின்றுவிட்டு, உடனிருந்தவர்களைத் தயார்படுத்தாமல் ஒரே இரவில் மறுகரையில் போய் நின்றார். சண்டை முடிந்துவிட்டது என்று அறிவிக்கும் அதிகாரம் தனக்கு மட்டுமே உண்டு என நினைத்தார்.

கட்சியோ, தன்னைப் பிளந்த அந்தக் கொள்கையை வெகுநாள் சுமக்கவில்லை. பீல் 1850 ஜூனில் குதிரையிலிருந்து விழுந்து ஜூலை 2 அன்று இறந்தார். பென்டிங்க் அதற்கு முன்பே 1848இல் போய்விட்டார். 1852இல் ஸ்டான்லி, டெர்பி பிரபு என்ற பட்டத்தோடு பிரதமராகவும் டிஸ்ரேலி நிதியமைச்சராகவும் சிறுபான்மை அரசு அமைத்தபோது, தானிய வரியைத் திரும்பக் கொண்டுவர இருவரும் முயலவில்லை. அந்த நவம்பரில் தடையற்ற வணிகத்தை ஏற்கும் தீர்மானம் காமன்ஸ் சபையில் வந்தது. அரசும் அதற்கு உடன்பட்டது. 468 பேர் ஆதரவாகவும், விடாப்பிடியான 53 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் இதற்காகத் தலைவரைக் கவிழ்த்தவர்கள், இந்தச் சண்டை முடிந்துவிட்டது என்று இப்போது தாங்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பீலோடு போனவர்கள் திரும்பி வரவில்லை. 1859இல் அவர்கள் விக்குகளோடும் சீர்திருத்தவாதிகளோடும் சேர்ந்து லிபரல் கட்சியானார்கள். கிளாட்ஸ்டன் பின்னாளில் அதன் தலைவரானார். கன்சர்வேடிவ் கட்சிக்கு மீண்டும் ஒரு முழுப் பெரும்பான்மை 1874இல்தான் கிடைத்தது, டிஸ்ரேலியின் தலைமையில்.